பையில் இல்லாத முதலைகள்

செப்டம்பர் 4
பெண்கள் விடுதி, அறை 31

அப்பாவுக்கு,

உறையில் என் கையெழுத்தைப் பார்த்துத் திடுக்கிட்டிருப்பீர்கள். பரவாயில்லை, நானும் மூன்று நாளாக அப்படித்தான் இருக்கிறேன். வகுப்பில் உட்கார்ந்தால் கரும்பலகை தெரிகிறது, எழுத்து தெரியவில்லை.

அம்மா இருக்கும் இடம் தெரிந்துவிட்டது. பெரியம்மாவுக்கே போன மாதம்தான் யாரோ சொல்லித் தெரிந்ததாம். உடனே எனக்கு எழுதிவிட்டாள். இங்கிருந்து ரயிலில் மூன்று மணி நேரம். ஒரு மருந்துக்கடையில் வேலை, கடைக்கு மேலேயே ஒரு அறையில் குடியிருப்பு. நான் ஏதோ கடல் தாண்டிப் போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நுழைவுத் தேர்வுக்கு வந்த அன்று அந்த ஸ்டேஷனில் இறங்கி டீ குடித்தேன் அப்பா. அவள் அரை கிலோமீட்டர் தள்ளி யாருக்கோ இருமல் மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அக்டோபர் விடுமுறையில், பதினைந்தாம் தேதி, போய்ப் பார்க்கப் போகிறேன். உங்களிடம் அனுமதி கேட்டு இதை எழுதவில்லை. ஒரே ஒரு விஷயத்துக்காக எழுதுகிறேன். நான் நாலாம் வகுப்பு படிக்கும்போது நீங்கள் பாய்லரில் போட்டு எரித்தீர்களே, அம்மாவின் கடிதங்கள், அவற்றில் என்ன இருந்தது? நினைவிருக்கிற வரை எழுதுங்கள். ஒரு வரியானாலும் போதும். அவள் முன்னால் போய் நின்றதும் "நான் எழுதினதெல்லாம் கிடைச்சுதா" என்றுதான் முதலில் கேட்பாள். அப்போது நான் பேந்தப் பேந்த விழிக்கக் கூடாது.

இந்த ஆண்டு தர்க்கவியலைப் பாடமாக எடுத்திருக்கிறேன். ஏன் எடுத்தாய் என்று தோழிகள் கேட்டால், ஒரு மனிதரோடு வாதாடி ஜெயிக்க வேண்டியிருக்கிறது என்று சொல்வேன்.

இப்படிக்கு,
உங்கள் மகள்


செப்டம்பர் 9

குண்டுமணிக்கு,

பதினாலு மாதம் கழித்து உன் எழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமல் வாசலிலேயே நின்றுவிட்டேன். தபால்காரர், "யாராச்சும் தவறிட்டாங்களா சார்?" என்று கேட்டார். "இல்லப்பா, மக எழுதியிருக்கா" என்றேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை.

உன் அம்மா அவ்வளவு பக்கத்தில் இருப்பாள் என்று நானும் நினைக்கவில்லை. தலைமை அலுவலகத்துக்குப் போகும்போதெல்லாம் அந்த ஸ்டேஷனைத் தாண்டித்தான் போகிறேன். உன் கடிதம் வந்த அன்று மதியம் சந்தையில் ஒரு காய்கறிக் கடைத் தராசைச் சோதித்துவிட்டு, முத்திரை குத்தாமலே கிளம்பிவிட்டேன். அந்த அம்மாதான் பின்னாலேயே ஓடி வந்து, "சார், எங்க தராசு தப்பா சார்?" என்று கேட்டாள். தராசு சரியாகத்தான் இருந்தது.

போகாதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவள் உன் அம்மா. நீ கேட்டதற்குப் பதில்: எழுதி அனுப்ப என்னிடம் ஒரு வரிகூட இல்லை.

நான் ஒன்று கேட்கிறேன். நீ விடுதிக்குப் போன மாதம் நான் எழுதிய முதல் கடிதத்தைப் படித்தாயா? அதை மட்டும் சொல்.

அப்பா


செப்டம்பர் 15
அறை 31

அப்பாவுக்கு,

ஒரு வரிகூட இல்லையா? எந்தக் கடைத் தராசு எந்த வருஷம் எத்தனை கிராம் குறைத்தது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். மனைவி எழுதிய கடிதத்தில் ஒரு வரி நினைவில்லை என்கிறீர்கள். சந்தையில் உங்களுக்கு 'எடைக்கல்' என்று பட்டப்பெயர் வைத்தவன் சரியாகத்தான் வைத்திருக்கிறான். கல்தான்.

உங்கள் கடிதங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

என் படிப்பைப் பற்றிச் சொல்கிறேன், உங்களுக்குப் பிடிக்கும். எங்கள் பேராசிரியை குள்ளமான அம்மாள், புடவை முழுக்க சாக்பீஸ் தூள். முதல் நாளே சொன்னார்: "நீங்க சொல்றது நிஜமா இல்லையாங்கறது அப்புறம். சொன்னதுலேருந்து முடிவு தானா வருதா, இல்ல நீங்க கழுத்தைப் பிடிச்சு இழுத்துட்டு வர்றீங்களா? இங்க அதை மட்டும்தான் பார்ப்போம்." முதலில் ஒத்துக்கொள்ளும் வாக்கியங்களுக்கு முற்கூற்று என்று பெயர். அவை எல்லாம் உண்மையாக இருந்து, முடிவு மட்டும் பொய்யாக இருக்க ஒரு சின்ன வழிகூட இல்லை என்றால்தான் வாதம் செல்லும். அந்த ஒரு வழியைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் எங்களுக்கு நாள் முழுக்க வேலை. என் அறைத்தோழி இதைக் கேட்டுவிட்டு, "இதுக்கு ஒரு டிகிரியா? எங்க அத்தை இதைச் சமையலறையிலேயே செய்வாங்க" என்கிறாள்.

என் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். நானே எழுதிய முதல் வாதம்:

அப்பா பொய் சொல்வதில்லை.
அம்மாவிடமிருந்து வந்த கடிதங்கள் எல்லாவற்றையும் எரித்ததாக அப்பா சொன்னார்.
ஆகவே, அம்மா எனக்குக் கடிதம் எழுதினாள்.

நான் அம்மாவுக்கு வேண்டாதவளாகப் போகவில்லை என்பதற்கு என்னிடம் இருக்கும் ஒரே சான்று இதுதான். அதற்கு நீங்களே சாட்சி என்பதுதான் கொடுமை. பக்கத்து வீட்டுக்காரர் தன் பாட்டு எப்படி என்று கேட்டபோது, நன்றாக இருந்தது என்று ஒப்புக்குக்கூட சொல்லாமல் "நேரத்துக்கு முடிஞ்சுதுங்க" என்று சொன்ன மனிதர் நீங்கள். உங்கள் வாயிலிருந்து பொய் வராது என்று ஊருக்கே தெரியும். உங்கள்மேல் எனக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும் முதல் வரியை நான் அடிக்க மாட்டேன்.

இதில் ஓட்டை இருந்தால் கண்டுபிடியுங்கள் பார்க்கலாம்.

உங்கள் மகள்


செப்டம்பர் 20

குண்டுமணிக்கு,

என் கடிதங்கள் வந்து சேர்ந்தன என்று எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் முதல் கடிதத்தையும் படித்திருக்கிறாய். படித்தும் நம்பவில்லை. நான் இனி எந்த வாயால் சொல்வது என்று தெரியாமல் இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை.

உன் வாதத்தைத் தாளில் எழுதி மேசையில் வைத்திருக்கிறேன். நீ படித்த பாடம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது தராசு ஒன்றுதான். ஒரு கடைக்குள் போனதும் நான் முதலில் என்ன பார்ப்பேன் தெரியுமா? எடைக்கல்லை எடுத்து வைக்க மாட்டேன். தட்டு இரண்டும் காலியாக இருக்கும்போது முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பேன். அங்கே தவறு இருந்தால் அதற்குமேல் வைக்கிற எல்லாமே தவறு. முக்கால்வாசிப் பேர் அதைப் பார்ப்பதில்லை, காலித் தட்டில் என்ன இருக்கப் போகிறது என்று விட்டுவிடுவார்கள்.

பதினைந்தாம் தேதிக்கு முன்னால் அந்தத் தாளை உன் பேராசிரியையிடம் காட்டு. இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன் என்று வைத்துக்கொள்.

வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

அப்பா


அக்டோபர் 3
அறை 31

அப்பா,

உட்கார்ந்து எழுத முடியவில்லை. ஜன்னல் திண்டில் தாளை வைத்து நின்றபடி எழுதுகிறேன். கோணல்மாணலாக இருக்கும்.

போன திங்கட்கிழமை தேர்வுத் தாள் திரும்பி வந்தது. ஒரே ஒரு கேள்வியில் தவறு. "என் கைப்பையில் இருக்கும் முதலைகள் எல்லாம் சைவம். இது உண்மையா, பொய்யா?" நான் பொய் என்று எழுதியிருந்தேன். பேராசிரியை சிவப்பில் அடித்திருந்தார். உண்மை என்பதுதான் விடையாம். நான் எழுந்து சண்டைக்குப் போனேன். "உங்க பையில முதலையே இல்லையே மேடம், அப்புறம் எப்படி உண்மையாகும்?" என்று கேட்டேன். அவர் பையைத் திறந்து என் முன்னால் நீட்டினார். "பொய்னு சொல்றது நீ. பொய்னா, அசைவ முதலை ஒண்ணு இதுக்குள்ள இருக்கணும். எடுத்துக் காட்டு." வகுப்பே சிரித்தது, நானும் சேர்ந்து சிரித்தேன். உள்ளே ஒரு சீப்பும் சாவிக்கொத்தும்தான் இருந்தன.

"எல்லாம்னு சொன்னா, இருக்குன்னு சொன்னதா ஆகாது" என்று அவர் பலகையில் எழுதினார். பழைய காலத்துத் தர்க்கக்காரர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள், இப்போதைய முறையில் இப்படித்தான் என்றார். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். சாப்பிடப் போனேன். தட்டில் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோதுதான், அப்பா, காலித் தட்டு என்று நீங்கள் எழுதியது நினைவுக்கு வந்தது. அதற்குமேல் கை வாய்க்குப் போகவில்லை.

சுவரிலிருந்து தாளைக் கிழித்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். இது என் வீட்டு விஷயம் என்று அவருக்குத் தெரியாது, ஏதோ பயிற்சி என்று நினைத்தார். "இது செல்லாதும்மா. வந்த கடிதம் எல்லாத்தையும் எரிச்சார், சரி. ஒண்ணுமே வரலன்னா? அப்பவும் அவர் சொன்னது உண்மைதானே. முதல் ரெண்டு வரியும் நிக்கும், முடிவு விழுந்துடும்." பென்சிலால் மூன்றாவது வரிக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சுழியம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அன்றைக்கு நீங்கள் சொன்னதை அப்படியே நினைத்துப் பார்க்கிறேன். "அம்மாகிட்டேருந்து வந்ததுல ஒண்ணைக்கூட நான் மிச்சம் வைக்கல. எல்லாம் பாய்லருக்குள்ள." இவ்வளவுதான். கடிதம் வந்தது என்று நீங்கள் ஒரு நாளும் சொன்னதில்லை. போன மாதம் எழுதிய இரண்டு கடிதத்திலும் சொல்லவில்லை, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன்.

இல்லை என்று சொல்லிவிடுங்கள். நான் படித்த பாடத்தை வைத்துக்கொண்டு என்னை நானே குழப்பிக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

எத்தனை கடிதம் வந்தது? எனக்கு எண் மட்டும் வேண்டும். வேறு எதையும் எழுதாதீர்கள், உங்கள் வாக்கியங்களைக் கண்டால் எனக்குப் பயமாக இருக்கிறது.


அக்டோபர் 7

குண்டுமணிக்கு,

பூஜ்ஜியம்.

எண் மட்டும் கேட்டாய், எழுதிவிட்டேன். விருப்பம் இருந்தால் மேலே படி.

அவள் போன பிறகு ஐந்து மாதம் நீ தினமும் பதினோரு மணிக்கு வாசலில் போய் நின்றாய். அது தபால் வரும் நேரம். பள்ளிக்கூடத்தில் விட்டால் இடைவேளையில் ஓடி வந்துவிடுவாய். தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே உன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார். கடைசியில் அந்த மனிதர் நம் தெருவுக்கு வேறு ஆளைப் போடச் சொல்லிக் கேட்டு மாற்றிக்கொண்டார். நீ சாப்பிடவில்லை. எடை குறைந்துகொண்டே வந்தது. எனக்கு எடை பார்க்கத்தான் தெரியும், அதனால் வாரா வாரம் பார்த்தேன். ஐந்தாவது மாதம் பதினெட்டரை கிலோவுக்கு வந்துவிட்டாய்.

ஒரு நாள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா எழுதினாங்களா, இல்லையா? சொல்லுப்பா" என்று கேட்டாய். எழுதினாள் என்றால் பொய். இல்லை என்று அந்த முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை. பாய்லர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன், வாயில் அந்த வாக்கியம் வந்துவிட்டது. சொல்லி முடித்தபோது எனக்கே தூக்கிவாரிப் போட்டது. நீ என் கையைக் கடித்தாய். தழும்பு இருக்கிறது, வாட்ச் பட்டைக்குக் கீழே.

ஆனால் அன்று சாயங்காலம் நீ சாப்பிட்டாய். கோபத்தில் இரண்டு தட்டு சாப்பிட்டாய். மறுநாள் பள்ளிக்கூடம் போனாய், வாசலில் நிற்கவில்லை. அம்மா உன்னை நினைக்கிறாள், அப்பன்தான் பாவி என்றால் உன்னால் உயிரோடு இருக்க முடிந்தது. சரி, அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நான் பொய் சொல்லவில்லை என்று உன் பேராசிரியை சொல்வார். தட்டுக்கு அடியில் புளியை ஒட்டி வைக்கிற கடைக்காரனும் எடையைப் பற்றிப் பொய் சொல்வதில்லை, தராசுதான் சொல்கிறது. அப்படி எத்தனை பேர் முத்திரையை ரத்து செய்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியும்.

இதை ஏற்கெனவே உனக்கு ஒருமுறை எழுதினேன். அதை விடு. நீ போவதாக இருந்தால் போய்ப் பார். ஆனால் கடிதம் எழுதியவளைப் பார்க்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு போகாதே.

அப்பா


அக்டோபர் 19
அறை 31

அப்பாவுக்கு,

போனேன்.

கடையில் கூட்டம். அம்மா நிமிர்ந்து பார்க்காமல் கையை நீட்டி, "சீட்டு இருக்கா?" என்று கேட்டாள். டாக்டர் சீட்டு. நான் ஒன்றும் கொடுக்காமல் நின்றேன். நிமிர்ந்து பார்த்தாள். கையில் இருந்த மாத்திரை அட்டை கீழே விழுந்தது. காது மடல் எனக்கு இருப்பது மாதிரியே இருந்தது, அதை மட்டும்தான் என்னால் பார்க்க முடிந்தது.

கடைக்குப் பின்னால் அட்டைப் பெட்டிகள் அடுக்கிய இடத்தில் இரண்டு ஸ்டூல் போட்டாள். டீ வாங்கி வந்தாள். நீ என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை, நீங்க என்றுதான் பேசினேன். ஏன் போனீர்கள் என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. என்ன படிக்கிறாய் என்று கேட்டாள். சொன்னேன். புரியாமல் தலையாட்டினாள். பிறகு அவளாகவே, "உனக்கு எத்தனையோ கடுதாசி போட்டேன். உங்கப்பா உன் கண்ணுல காட்டியிருக்க மாட்டார்" என்றாள்.

அப்பா, உங்கள் கடிதம் என் பையில் இருந்தது. அவள் சொல்வதா நீங்கள் சொல்வதா என்று நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அந்த வேகம்தான் எனக்கே அதிர்ச்சியாக இருந்தது. பத்து வருஷம் உங்களை வெறுத்தவள் நான்.

"அவர் ஒரு கடுதாசியைக்கூட மறைக்கலமா" என்றேன். "நீங்க அனுப்பின கடுதாசியில நான் படிக்காதது ஒண்ணுகூட இல்ல."

எந்தக் கடுதாசி, எப்போது வந்தது, அதில் என்ன எழுதியிருந்தது, எதுவுமே அவள் கேட்கவில்லை. டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கடைசியில், "அவரு நல்லா இருக்காரா?" என்று மட்டும் கேட்டாள். பூஜ்ஜியத்துக்கு எனக்கு அதற்குமேல் நிரூபணம் தேவைப்படவில்லை.

நான் சொன்னதில் பொய் இல்லை. பேராசிரியை முழு மதிப்பெண் போடுவார். ரயிலில் உட்கார்ந்தபோது ஒருவரைக் கன்னத்தில் அறைந்துவிட்டு வந்த மாதிரி இருந்தது. மூன்று மணி நேரம் அந்த ஒரு வாக்கியத்தோடு உட்கார்ந்து வர என்னால் முடியவில்லை. நீங்கள் பத்து வருஷம் எப்படி இருந்தீர்கள்?

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். "உங்கள் கடிதங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன" என்று எழுதினேன். வந்து சேர்ந்தது உண்மை. இந்தச் செப்டம்பருக்கு முன்னால் மாதா மாதம் நீங்கள் எழுதிய பதினாலு கடிதத்தையும் நான் பிரிக்கவே இல்லை. ஒவ்வொன்றையும் இரண்டாகக் கிழித்து விடுதிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். நீங்கள் செய்ததாக நான் நம்பியதை உங்களுக்குச் செய்தேன். அது காலிப் பை இல்லை, பதினாலும் நிஜக் கடிதம்.

முதல் கடிதத்தைப் படித்தாயா என்று கேட்டீர்கள். ஏற்கெனவே ஒருமுறை எழுதினேன் என்றும் போன தடவை எழுதியிருந்தீர்கள். அந்த இரண்டு வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவற்றில் என்ன இருந்தது? நினைவிருக்கிற வரை எழுதுங்கள். ஒரு வரியானாலும் போதும்.

குண்டுமணி


அக்டோபர் 23

குண்டுமணிக்கு,

நினைவிலிருந்து எழுத வேண்டியதில்லை. முப்பது வருஷம் சோதனை அறிக்கை எழுதிய கை, அடியில் கார்பன் தாள் வைக்காமல் எனக்கு எழுத வராது. உனக்கு எழுதிய பதினாலு கடிதத்துக்கும் நகல் இருக்கிறது. பதிமூன்றில் பெரிதாக ஒன்றுமில்லை. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தது, பாய்லரைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டது, பக்கத்து வீட்டுக்காரர் பாட்டை நிறுத்தியது, அப்படி. நேரில் வரும்போது படித்துக்கொள்.

முதல் கடிதத்தின் நகலை மட்டும் இத்துடன் வைத்திருக்கிறேன். நீ படித்துவிட்டு நம்பவில்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். வந்து சேர்ந்தன என்றால் படித்தாய் என்று ஆகாது, அதை நான் பார்த்திருக்க வேண்டும். என் வாதமும் செல்லாதுதான்.

அப்பா


(நகல். சென்ற ஆண்டு, ஜூலை 12)

குண்டுமணிக்கு,

இன்றோடு உன்னை ரயில் ஏற்றிவிட்டு ஒரு வாரம். பதினெட்டு முடிந்துவிட்டது, இனிமேல் தாங்கிக்கொள்வாய் என்று நினைக்கிறேன். பிளாட்பாரத்தில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன், நீ ஜன்னலை மூடிவிட்டாய்.

உன் அம்மாவிடமிருந்து ஒரு கடிதமும் வந்ததில்லை. நான் எதையும் எரிக்கவில்லை. உனக்கு வேறு எப்படிச் சொல்வதென்று அன்று எனக்குத் தெரியவில்லை.

நம்புவாயோ மாட்டாயோ, அது உன் இஷ்டம். பதில் எதுவும் வேண்டாம். படித்தேன் என்று ஒரு வார்த்தை மட்டும் எழுதிப் போடு.

அப்பா


அக்டோபர் 27
அறை 31

அப்பா,

படித்தேன்.